மேல்விஷாரம் கல்யாணத்துக்குப் போன சாவி

என் தோள்பையில் மூன்று சார்ஜர்கள் இருந்தன. ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று, அதுவும் கெட்டுப்போனால் மற்றொன்று. பினாங்கு விமான நிலையத்தின் சோதனை அதிகாரி மூன்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, "இந்தியாவில் கடை போடப் போகிறீர்களா?" என்று மலாயில் கேட்டார். இல்லை, ஒரு பெட்டியைப் பார்க்கப் போகிறேன் என்றேன். என்ன பெட்டி என்று அவர் கேட்டிருந்தால் விளக்கி முடிப்பதற்குள் விமானம் போயிருக்கும். நல்ல மனிதர், கேட்கவில்லை.

உங்களுக்காவது விளக்கிவிடுகிறேன். மலேசியாவில், தைப்பிங் சந்தைக்குப் பின்னால் பழைய மடிக்கணினிகளைப் பழுது பார்க்கிறவன் நான். படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன். தூக்கிப் போடலாம் என்று கொண்டு வரும் இயந்திரத்தில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தை ஏற்றி, இன்னும் நாலு வருஷம் ஓடும் என்று திருப்பிக் கொடுப்பேன். ஓடாமல் போய்விடுமோ என்று அந்த நாலு வருஷமும் கவலைப்படுவேன். இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது 'கேட்டுப்பார்' என்ற அரட்டை அறை. இணையத்தில் தமிழில் கேள்வி கேட்டால் தமிழிலேயே பதில் வரும் இடம் அது. மதுரையில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், எங்கோ பனி பெய்யும் ஊரில் ஒருவர். யாரும் யாரையும் பார்த்ததில்லை. நான் கேட்ட அசட்டுக் கேள்விகளும் அவற்றுக்கு வந்த பொறுமையான பதில்களும் எல்லாம் அங்கேதான் சேர்ந்து கிடக்கின்றன. எனக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று ஏதாவது உண்டென்றால் அதுதான்.

அந்த அறை எந்தப் பெரிய கம்பெனியின் கட்டடத்திலும் இல்லை. ஆம்பூரில் எபிநேசர் என்பவர் வீட்டில், ஃப்ரிட்ஜ் மேல், ரொட்டிப் பெட்டி அளவுள்ள ஒரு கணினியில் இருந்தது. எபி ஒரு ஷூ கம்பெனியில், தோலை எந்த அளவில் வெட்டுவது என்று கணினியில் வரைந்து கொடுப்பவர். அவருக்கு வியட்நாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது. பெட்டியை யாராவது எடுத்துக்கொள்ளாவிட்டால் மூடிவிட வேண்டியதுதான் என்று அறையில் எழுதினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்தான், "எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்" என்று எழுதித் தொலைத்தேன். எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலையைப் பற்றி முதலில் பேசுகிறவருக்கே அந்த வேலை. ஐந்து நிமிஷத்தில் வாழ்த்துகள் வந்து குவிந்துவிட்டன.

முடியாது என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. சென்னையில் சித்தப்பா மகள் புது வீட்டில் குடிபுகுகிறாள் என்று அழைப்பு வந்திருந்தது. அதைச் சாக்காக வைத்துப் போய், அப்படியே ஆம்பூரில் எபியை நேரில் பார்த்து, பக்குவமாக மறுத்துவிடலாம் என்று கிளம்பினேன். இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று வாக்கியத்தைக்கூட விமானத்திலேயே தயார் செய்துகொண்டேன்.

சென்னை விசேஷம் முடிந்து ஏறிய ரயிலில், காட்பாடி தாண்டியதிலிருந்து பாலாறு கூடவே வருகிறது என்று வரைபடம் காட்டியது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் மணல்தான். அகலமென்றால் அப்படி ஓர் அகலம், நடுவில் முள்செடி, ஓரத்தில் ஆடுகள். எங்கள் ஊரில் தினமும் மழை, சின்ன ஓடைகூடக் கரையைத் தின்னும். தண்ணீர் எங்கே என்று எதிரில் இருந்த அம்மாவைக் கேட்டேன். "கீழ போவுதுப்பா" என்றார், பக்கத்து வீட்டுக்காரர் வெளியே போயிருப்பதைச் சொல்வதுபோல.

ஆம்பூரில் இறங்கியதும் முதலில் வாசனை. தோலும் ரசாயனமும் கலந்த ஒரு நெடி. மூக்கைப் பிடிப்பது மரியாதையாக இருக்காதே என்று வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன். ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவர் நேராக என்னிடம் வந்தார்.

"மணியம் அண்ணன்தானே? மூக்கால விடுங்கண்ணே. ரெண்டு மணி நேரத்துல பழகிடும். இன்னா இது, பையில கல்லு எதனா எடுத்துட்டு வந்தீங்களா?"

"சார்ஜர், தம்பி."

"எங்க ஊர்லயும் கரண்ட்டு இருக்குதுண்ணே" என்று பையைப் பிடுங்கிக்கொண்டார்.

எபி என்னை நேராக பிரியாணிக் கடைக்கு அழைத்துப் போனார். சின்னச் சின்ன அரிசி, சீரகச் சம்பாவாம். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். பிரியாணிக்குக் கத்திரிக்காயா என்று சந்தேகத்தோடுதான் தொட்டேன். பிறகு மூன்று முறை கேட்டு வாங்கினேன். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற கவலை கை கழுவும்போதுதான் வந்தது. அந்தக் கடை எங்கள் வரைபடத்தில் இல்லை. எல்லோரும் சேர்ந்து வரைகிற கட்டற்ற வரைபடத்தைத்தான் எபியும் நானும் பயன்படுத்துகிறோம். கடையைக் குறிக்க நான் கைபேசியை எடுக்கும்போது அவரும் எடுத்தார். யார் முதலில் ஏற்றுவது என்று போட்டி. அவர் ஜெயித்தார்.

வீட்டில் அவர் மனைவி ஷீலா காபி கொடுத்தார். அவரும் ஷூ கம்பெனியில்தான், தையல் பிரிவில். ஃப்ரிட்ஜ் மேல் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் அதை அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு, "கும்பிட்டுக்கறதுன்னா கும்பிட்டுக்குங்கண்ணா" என்றார். "காலையில எழுந்தா இவரு மொதல்ல அது மூஞ்சிலதான் முழிப்பாரு. அதுக்கே தாலி கட்டியிருந்தா எனக்கு ரோதனை மிச்சம். எப்போ எடுத்துட்டுப் போறீங்க?"

நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்துக்கு இது நேரமில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இன்னொரு காபி கேட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஷீலாவுடன் தைக்கிற பெண்ணுக்கு மேல்விஷாரத்தில் கல்யாணம். ஷீலாவும் கூட வேலை செய்கிற பெண்களும் வேன் பிடித்து விடியும்போதே போய்விட்டார்கள். போகும்போது, "சர்ச்சுக்குப் போயிட்டு வந்து பொட்டியை நோண்டு" என்று எபியிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. எபி சர்ச்சுக்குப் போகவில்லை.

என் சுபாவம் தெரியுமல்லவா, கேட்டேன்: "தம்பி, பேக்கப் இருக்குன்னு சொன்னீங்க. அதிலேர்ந்து எப்பவாச்சும் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கீங்களா?"

அறையில் எல்லோருக்கும் அவர் சொல்லும் பாடம் அது. திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லை. எபி தலையைச் சொறிந்தார். "நீங்க கேக்கறது கரெக்டுண்ணே. எப்படியும் புது சிஸ்டம் ஏத்திதான் உங்ககிட்ட குடுக்கணும். இப்பவே தொடச்சுட்டு, பேக்கப்லேர்ந்து எடுத்துப் பார்த்துடலாம்."

"வேற டிஸ்க்குல முதல்ல பார்ப்போமே?"

"ஞாயித்துக்கெழம எந்தக் கட தொறந்திருக்கும்? பயப்படாதீங்கண்ணே. பேக்கப் வெளி டிஸ்க்குல பத்திரமா கீது."

கறுப்புத் திரையில் எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கேள்வி வந்தது. ஆம் என்று அவர் அடித்தார். எண்டர் பொத்தானை அழுத்தும் கௌரவத்தை எனக்குக் கொடுத்தார்.

புது சிஸ்டம் ஏறியது. வெளி டிஸ்க்கைச் செருகினோம். அது பூட்டியிருந்தது. பூட்டத்தான் வேண்டும், மற்றவர்கள் பேச்செல்லாம் அதில் இருக்கிறது. திறவுச்சொல் கேட்டது. எபி, "ஒரு நிமிஷம்" என்று மடிக்கணினியில் கடவுச்சொல் பெட்டகத்தின் முகவரியை அடித்தார். அவர் வீட்டுச் சாவிகள் அனைத்தையும் போட்டு வைக்கும் மென்பொருள் அது. சுற்றியது, சுற்றியது, பக்கம் திறக்கவில்லை.

எபி மெதுவாகத் தலையைத் திருப்பி ஃப்ரிட்ஜ் மேலே பார்த்தார்.

"அண்ணே" என்றார். குரல் மாறிவிட்டது. "பெட்டகம் இதுலதான் ஓடிட்டிருந்துச்சு."

வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்ததுகூட அல்ல, வீட்டையே இடித்துவிட்டோம். திறவுச்சொல்லாவது நினைவில் இருக்கிறதா என்றால், அது இயந்திரம் தேர்ந்தெடுத்த ஆறு சொற்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. அவருக்கு அதைப் பெட்டகத்திலிருந்து நகலெடுத்து ஒட்டித்தான் பழக்கம். கைபேசியில் பெட்டகத்தின் பிரதி இருக்குமே என்றேன். போன வாரம்தான் கைபேசியைத் துடைத்துக் கட்டற்ற சிஸ்டம் ஏற்றியிருக்கிறார். பெட்டகத்தை இன்னும் அதில் போடவில்லை. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு விபத்து நடக்காது.

உள்ளுக்குள் ஒரு மூலையில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பெட்டியே இல்லையென்றால் நான் மறுக்கவும் வேண்டாம். அடுத்த கணமே என் எண்டர் விரலைப் பார்த்தேன். அதைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"ஷீலா!" என்று எபி எழுந்தார். கேஸ் புக்கிங், வைப்பு நிதி எல்லாவற்றுக்கும் கடவுச்சொல் மறந்துபோகிறது என்று மனைவியின் கைபேசியிலும் அந்தப் பெட்டகத்தைப் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் பிரதி இருக்கும். ஆனால் எபி மறுபடி உட்கார்ந்துவிட்டார். "அவ ஃபோன்ல எடமே இல்லண்ணே. எப்பவும் ஃபுல்லு. கல்யாணத்துல போட்டோ எடுக்க எடம் பத்தலன்னா மொதல்ல அதத்தான் தூக்குவா. எனக்கு எதுக்கு இதுன்னு தெனமும் கேட்டுட்டிருக்கா."

கூப்பிட்டோம். மணி போனது, எடுக்கவில்லை. சாதாரணக் குறுஞ்செய்தியை ஷீலா திறப்பதே இல்லையாம். கம்பெனியில் ஃபோன் சத்தம் போடக் கூடாது என்று எப்போதும் ஊமையாகவே வைத்துப் பழகியவராம். அவரோடு வேனில் போன பெண்களின் எல்லாப் பேச்சும் எல்லோரிடமும் இருக்கிற அந்தச் செய்திச் செயலியில்தான் நடக்கிறது. எங்கள் இருவரிடமும் அது கிடையாது. கொள்கை. ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம், அது நம் பேச்சை விற்கிறது, நாங்கள் தொடுவதில்லை என்று. இப்போது ஏற்றலாம் என்றால் எபியின் புது சிஸ்டத்தில் அது ஏறவில்லை. என் மலேசிய எண்ணுக்கு உறுதிக் குறுஞ்செய்தி வரவில்லை.

பஸ் பிடித்தோம். மடியில் மடிக்கணினி, அதன் மேல் டிஸ்க். நெடுஞ்சாலையில் பஸ் நன்றாகத்தான் போனது. நன்றாகப் போகிறதே என்று நான் கவலைப்பட ஆரம்பிக்கும்போது பள்ளிகொண்டாவுக்கு முன்னால் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கிச் சாலையோரம் நின்றோம். அந்த வெயிலை நான் விவரிக்கப்போவதில்லை. தைப்பிங்கில் யாரும் நம்ப மாட்டார்கள்.

எபி திரும்பத் திரும்ப எண்ணை அழுத்துவதைப் பக்கத்தில் துண்டு போர்த்திய ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா வாத்தியாரே, பொண்டாட்டி கோச்சுக்கினு போயிடுச்சா?"

எபி விஷயத்தைச் சொன்னார். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். "அந்த ஆப்பு இல்லாம ஒரு ஃபோனா? எங்க வீட்டு ஆட்டுக்குக்கூட அதுல குரூப்பு கீதுய்யா. நம்பர சொல்லு" என்று தன் கைபேசியை வாயருகே கொண்டுபோய், சாலையே அதிரும்படி பேசினார்: "யம்மா ஷீலா, ஃபோன்ல எந்த ஆப்பையும் அழிக்காதம்மா. ஒன் வூட்டுக்காரரு ரோட்ல நின்னுக்கினு அழுவுறாரு." அனுப்பிவிட்டு, "முடிஞ்சுது மேட்டரு" என்றார். கொஞ்ச நேரத்தில் திரையைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது. "பதிலே இல்ல. இன்னொரு தபா அனுப்புனா போவ மாட்டேங்குது. படத்தையும் காணோம். பிளாக் பண்ணிடுச்சுப்பா."

வேலூரில் இறங்கியதும் அடுத்த பஸ்ஸுக்கு ஓடுவோம் என்று நினைத்தேன். எபி லாங் பஜாருக்குள் நுழைந்தார். கல்யாண வீட்டுக்கு வெறும் கையோடு போனால் ஷீலா தொலைத்துவிடுவாராம். கைவண்டி, மூட்டை, ஸ்கூட்டர், எல்லாம் ஒரே சந்தில் எதிரெதிராக வந்தன. எங்கள் ஊரில் இப்படி ஒரு தெரு இருந்தால் நகராட்சி மூடிவிடும். இங்கே ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே வழி விடுகிறார்கள். எபி ஹாட்பாக்ஸ்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பச்சையா சிவப்பா என்று என்னைக் கேட்டார். என் ஆயுளில் பாதி அந்தக் கடையில்தான் போனது.

மேல்விஷாரம் மண்டபத்தில் ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். பெண்கள் பக்கம் திரை போட்டிருந்தது. மடிக்கணினியும் சிவப்பு ஹாட்பாக்ஸுமாக இரண்டு பேர் வேர்த்து விறுவிறுத்து நிற்பதைப் பார்த்து மாப்பிள்ளையின் மாமா வந்தார். எபி சொன்னதும் திரைக்கு அருகே போய் உருதுவில் குரல் கொடுத்தார். உள்ளே பெண்கள் உருதுவிலேயே ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். மாமா சங்கடத்தோடு மொழிபெயர்த்தார்: "'கம்பெனிப் பொண்ணோட புருஷன் வந்திருக்கான். ஒரு நாள் பிரிஞ்சு இருக்க முடியல. வியட்நாம்ல எப்படித்தான் இருப்பானோ'ங்கறாங்க."

ஷீலா ஓடி வந்தார். பட்டுப்புடவை, தலையில் பூ, முகத்தில் ரத்தமே இல்லை. "இன்னா ஆச்சு? அம்மாவுக்கு எதனா ஆயிடுச்சா?"

"அதெல்லாம் இல்ல. பொட்டி..." என்று ஆரம்பித்த எபி, "உன் ஃபோன்ல அந்தப் பெட்டகம் ஆப்பு இருக்குதா?" என்று முடித்தார்.

ஷீலா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தரையைப் பார்க்கத் தோன்றியது.

"அடுத்த வாரம் நீ ஊர விட்டுப் போற" என்றார். "நான் வேன்ல வர்றப்போ ஃபுல்லா அதத்தான் நெனச்சுக்கினு வந்தேன். நீ பொட்டிக்காக பஸ் ஏறி வந்து நிக்கிற. எனக்கு எதனா ஒண்ணுன்னா அங்கேர்ந்து இப்படி ஓடி வருவியா?"

எபி ஹாட்பாக்ஸை மட்டும் நீட்டினார். ஷீலா அதை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்து, "செவப்பு நல்லாதான் கீது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார்.

"போட்டோவுக்கு எடம் இல்லன்னு அதத்தான் அழிக்கப் போனேன். கரெக்டா எவனோ ஒருத்தன், ஆப்ப அழிக்காதன்னு வாய்ஸ் அனுப்புறான். ஆன்லைன் திருடன்னு பிளாக் பண்ணேன். அப்புறம் யோசிச்சேன், திருடனே அழிக்காதன்றான்னா இதுல ஏதோ இருக்குது, வீட்டுக்குப் போயி கேட்டுட்டு அழிக்கலாம்னு உட்டுட்டேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மாமா எனக்கு நாற்காலி போட்டார்.

அதற்குப் பிறகும் உடனே பார்க்க விடவில்லை. சாப்பிடாமல் யாரும் எதையும் திறக்கக் கூடாது என்று மாமா கட்டளை போட்டுவிட்டார். பிரியாணி, தயிர்ச் சட்னி, கடைசியில் மக்கன் பேடா என்று பாகில் ஊறிய ஓர் இனிப்பு. அந்த நிலையிலும் இரண்டு தின்றேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. காகிதம் விரித்த சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தோம். ஷீலா திரைக்குப் பக்கத்தில் நின்று உரக்க வாசித்தார்.

"ஏணி."

எபி அடித்தார்.

"ஒட்டகம். இன்னாய்யா இது? புதன். சாம்பல்..."

திரைக்கு உள்ளே சிரிப்பு கிளம்பியது. அடுத்த சொல்லை ஷீலா வாசிக்கும் முன் உள்ளிருந்து ஒரு குரல் "பெருங்காயம்" என்றது, இன்னொன்று "மாமியார்" என்றது. "சும்மா இருங்கடி" என்று அதட்டிவிட்டு ஷீலா மிச்ச இரண்டையும் சொன்னார். "குடை. வாழைத்தண்டு."

எபியின் விரல் எண்டர் மேல் நின்றது. என்னைப் பார்த்தார். இந்த முறை நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவரே அழுத்தினார்.

திறந்தது. கோப்புகள் வரிசையாக இறங்கின. எபி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மாமா எதற்கென்று தெரியாமலே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தலையைத் தூக்கிய எபி, "நேத்து வந்ததுலேர்ந்து நீங்க எதோ சொல்ல வந்து முழுங்கறீங்க, எனக்குத் தெரியுதுண்ணே" என்றார். "வாணாம்னா சொல்லிடுங்க. இத்தன வருஷம் பார்த்த நானே இப்படிப் பண்ணிட்டேன். உங்கள வற்புறுத்த மாட்டேன்."

விமானத்தில் தயார் செய்த வாக்கியத்துக்கு இதைவிட நல்ல நேரம் வராது. "தம்பி, நான் எல்லாத்துக்கும் பயப்படற ஆளு. படிப்பும் இல்ல" என்று ஆரம்பித்தேன்.

"அதான் வேணும்" என்றார் ஷீலா குறுக்கே புகுந்து. "இவருக்குப் பயமே கெடையாது, அதான் தொடச்சு வச்சாரு. நீங்கதான் மொதல்ல வேற டிஸ்க்குல பார்க்கலாம்னு சொன்னீங்களாமே. பயப்படறவங்க கையில இருக்கட்டும்ணா."

எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னது என் குரல்தான். மாமா இன்னொரு மக்கன் பேடா வைத்தார்.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். திறவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. எபியிடம் ஒரு பிரதி, என்னிடம் ஒன்று, ஷீலாவிடம் ஒன்று. "எனக்கு எதுக்குண்ணா?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "சரி, குடுங்க. இவரு அங்கேர்ந்து ஒழுங்கா ஃபோன் பண்ணலன்னா நான் குடுக்க மாட்டேன்" என்றார். கல்யாண வீடே பழைய திறவுச்சொல்லைக் கேட்டுவிட்டதால் அந்த இடத்திலேயே புதிதாக ஆறு சொற்கள் போட்டோம். அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

மூன்றாம் நாள் முழுவதும் ஆம்பூரில் பெட்டியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினோம். சோதித்தோம். நான் மறுபடி சோதித்தேன். எபி ரயில் நிலையம்வரை பெட்டியைத் தானே சுமந்து வந்தார். ரயில் கிளம்பும்போது எனக்குக் கையசைத்தாரா பெட்டிக்கா என்று தெரியவில்லை. ஷீலா அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தைப்பிங்கில் வழக்கம்போல மழை. கூரை ஒழுகினாலும் தண்ணீர் படாத இடமாகப் பார்த்துக் கடையின் உயரமான தட்டில் பெட்டியை வைத்தேன். அறையின் இணைய முகவரியை என் கடைப் பக்கம் திருப்பிவிட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. அறையின் கதவைத் திறந்துவிட்டு, நாற்காலியில் விளிம்பிலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. எல்லோரும் வேறு எங்காவது போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். காபி ஆறிப்போனது.

பிறகு மதுரைக்காரர் வந்தார். வணக்கம் இல்லை, நன்றி இல்லை.

"என்ன மணியம், நாலு நாளா அறையைக் காணோம்? இப்ப வந்தும் படம் ஏத்தினா ஏற மாட்டேங்குது. தமிழ் எழுத்து வேற கட்டம் கட்டமாத் தெரியுது. என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

இந்த மாதிரிப் புகார்கள் இதுவரை 'என்ன எபி' என்றுதான் ஆரம்பிக்கும். அதை இன்னொரு முறை வாசித்தேன். வாடிக்கையாளர் யாரும் வந்துவிடாதபடி கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, படம் ஏன் ஏறவில்லை என்று பார்க்க உட்கார்ந்தேன்.